பென்டிரைவில் திருத்திச் சேமித்தவை கணினியில் காணோம்; ஏழு கோப்புகள் மட்டும் டேப்லெட்டுக்கு வரவே மாட்டேன் என்கின்றன

மெய்ப்புக்காரர்:

வணக்கம். நான் மெய்ப்புப் பார்ப்பவன். இருபது வருடத்துக்கு மேல் காகிதமும் சிவப்பு மையுமாகக் காலம் தள்ளிவிட்டு, கடைசி நாலு வருடமாகத்தான் திரைக்கு வந்திருக்கிறேன். அதனால் கேள்வி நீளமாகவும் உங்களில் பலருக்கு அற்பமாகவும் தோன்றலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் மேசைக் கணினி ஒன்று இருக்கிறது, விண்டோஸ். கூடவே ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட், விசைப்பலகை ஒட்டிய உறையோடு. கணினி முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முதுகு சம்மதிப்பதில்லை. அதனால் முதல் வாசிப்பைச் சாய்வு நாற்காலியில் டேப்லெட்டில் செய்துவிட்டு, கடைசித் திருத்தத்தைக் கணினியில் செய்கிறேன். இப்போது கையில் இருப்பது 41 கட்டுரைகள் கொண்ட ஒரு தொகுப்பு. எழுதியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: நூல் வெளிவரும் வரை பிரதி இணையத்தில் எங்கும் ஏறக் கூடாது. ஆகவே பென்டிரைவ். ஒரு முனை டேப்லெட்டிலும் மறுமுனை கணினியிலும் செருகும்படியான 64 ஜிபி பென்டிரைவ்.

கணினியிலிருந்து பென்டிரைவுக்கு 41 கோப்புகளும் ஒரு சத்தமில்லாமல் போய்விட்டன. பென்டிரைவிலிருந்து டேப்லெட்டுக்கு நகலெடுத்தால் 34 வருகின்றன, 7 வருவதில்லை. "நகலெடுக்க முடியவில்லை" என்ற ஒரு வரி மட்டும் வருகிறது, காரணம் சொல்வதில்லை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே ஏழு. வேறு பென்டிரைவ் வாங்கி வந்து செய்தேன்; அதிலும் அதே ஏழு. அளவு காரணமில்லை. ஒவ்வொன்றும் 40 கேபி கூட இருக்காது; படங்களோடு இருக்கும் பெரிய கட்டுரைகளெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கணினியில் நன்றாகத் திறக்கிறது. பென்டிரைவை டேப்லெட்டில் செருகி அங்கிருந்தே தட்டினாலும் திறக்கிறது!

சரி, திறக்கிறதே என்று அந்த ஏழையும் பென்டிரைவில் வைத்தபடியே திருத்தினேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. ஒவ்வொன்றையும் முடித்ததும் சேமி என்பதை அழுத்தினேன். "சேமிக்கப்பட்டது" என்று வந்தது. மறுநாள் டேப்லெட்டில் திறந்தும் பார்த்தேன், திருத்தங்கள் இருந்தன. கணினியில் செருகித் திறந்தால் பழைய பிரதி. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. முதல் கட்டுரையில் மட்டும் 'முயற்ச்சி' என்று 11 இடத்தில் இருந்ததைத் திருத்தியிருந்தேன். அந்தப் பதினோரு 'ச்'சும் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

பிடுங்கும் முன் முறைப்படி வெளியேற்றினீர்களா என்று கேட்பீர்கள். வெளியேற்றினேன். அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. பென்டிரைவ் இழுப்பறையில் இருக்கிறது. என் மூன்று சாயங்காலங்கள் எங்கே போயின?


வயர்ப்பெட்டி:

ஐயா, முதலில் ஒன்று: டேப்லெட்டில் எதையும் "சுத்தம்" செய்யாதீர்கள். கேஷை (செயலியின் தற்காலிகச் சேமிப்பை) அழிப்பது, இடத்தைக் காலி செய்யும் செயலிகளை ஓட்டுவது, ஆவணச் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது, இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் திருத்தங்கள் பெரும்பாலும் டேப்லெட்டுக்குள்தான் இருக்கின்றன.

மறுநாள் திறந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அப்போது பென்டிரைவ் செருகியிருந்ததா? செயலியைத் திறந்ததும் மேலே தெரியும் "சமீபத்தியவை" பட்டியலிலிருந்து தட்டியிருந்தால், நீங்கள் பார்த்தது பென்டிரைவில் இருக்கும் ஃபைலே இல்லை.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பென்டிரைவில் இருக்கும் ஃபைலை நாம் தட்டும்போது, அது இருக்கும் இடத்தை ஆண்ட்ராய்டு ஆவணச் செயலியிடம் சொல்லாது. ஒரு அனுமதிச் சீட்டை மட்டும் கையில் கொடுக்கும். சில சீட்டில் "படித்துக்கொள்" என்று மட்டும் இருக்கும். சிலவற்றில் "படிக்கலாம், எழுதவும் செய்யலாம்" என்று இருக்கும். படிக்க மட்டும் அனுமதி கிடைத்தால் ஒழுங்கான செயலி "இது படிக்க மட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். வேறு சில செயலிகள் ஃபைலைத் தங்கள் சொந்த அறைக்குள் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலை உங்களுக்குத் திறந்து காட்டும். நீங்கள் சேமி என்றால் அந்த நகலில் சேமிக்கும். "சேமிக்கப்பட்டது" என்று சொன்னது பொய்யில்லை. எங்கே என்றுதான் சொல்லவில்லை.

மீட்பதற்குச் செய்ய வேண்டியது: பென்டிரைவைச் செருகாமல் அந்தச் செயலியைத் திறங்கள். சமீபத்தியவை பட்டியலில் ஏழும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து, மெனுவில் "வேறு பெயரில் சேமி" அல்லது "நகலைச் சேமி" என்று எது இருக்கிறதோ அதைத் தட்டி, டேப்லெட்டின் ஆவணங்கள் ஃபோல்டரில் வையுங்கள். அங்கிருந்து ஃபைல் மேனேஜர் வழியாகப் பென்டிரைவுக்கு நகல். கணினிக்கு வந்ததும் பழையவற்றின் மேல் ஒட்டாதீர்கள். புது ஃபோல்டர் ஒன்று போட்டு அதில் வைத்துத் திறந்து பாருங்கள். பதினோரு 'ச்'சும் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசுவோம்.

இனிமேல் பென்டிரைவில் வைத்தே திருத்தாதீர்கள். நகலெடுத்து டேப்லெட்டுக்குள் கொண்டுவந்து திருத்துங்கள். முடித்ததும் திரும்ப நகலெடுத்துப் பென்டிரைவில் போடுங்கள். பென்டிரைவ் பேருந்து மாதிரி: உட்கார்ந்து போகலாம், குடித்தனம் நடத்த முடியாது. நேரடியாகத் திறந்தே தீர வேண்டும் என்றால், ஃபைல் மேனேஜரில் தட்டாமல், ஆவணச் செயலிக்குள் போய் அங்கே இருக்கும் "திற" வழியாகப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அப்படித் திறந்தால் பெரும்பாலும் எழுதும் அனுமதியும் சேர்ந்தே கிடைக்கும்.

அந்த ஏழு ஏன் வரவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. பென்டிரைவ் மாற்றியும் அதே ஏழு என்றால் குறை பென்டிரைவில் இல்லை.


இரவுப்பறவை:

இந்தக் காலத்தில் பென்டிரைவா சார்? கிளவுடில் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் தானாகச் சேர்ந்துகொள்ளுமே. ஒருமுறை முயற்ச்சி செய்து பாருங்கள்.


வயர்ப்பெட்டி:

தம்பி, கேள்வியின் இரண்டாவது பத்தியைப் படிக்கவில்லையா? பிரதி அவருடையது இல்லை. எழுதியவர் வேண்டாம் என்கிறார்.

இணையமே இல்லாமல் வேண்டுமென்றால் கேபிள் இருக்கிறது. டேப்லெட்டைக் கணினியில் செருகி, அறிவிப்புப் பட்டியை இழுத்து, "சார்ஜ் மட்டும்" என்று இருப்பதை "ஃபைல் பரிமாற்றம்" என்று மாற்றினால் கணினியில் டேப்லெட் தெரியும். மாற்றியும் தெரியவில்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சில கேபிளில் மின்சாரம் போகும் கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகும் கம்பியே இருக்காது. வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. என் பெட்டியில் அப்படி மூன்று கிடக்கின்றன. சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.


நூல்கட்டு:

நான் பக்க வடிவமைப்பு செய்பவள். மெய்ப்புக்காரர் ஐயா, அந்த ஏழில் ஏதாவது ஒன்றின் பெயரை ஒரு எழுத்து குறையாமல் இங்கே ஒட்ட முடியுமா? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.


மெய்ப்புக்காரர்:

அம்மா, இதோ:

தூக்கம் வராத இரவுகளில் மனிதர்கள் எதைப் பற்றியெல்லாம் யோசிக்கிறார்கள் - இரண்டாம் மெய்ப்பு திருத்தியது

பின்னால் ஒரு புள்ளியும் நாலு ஆங்கில எழுத்தும் உண்டு, வேர்டு கோப்புதான். தலைப்பு கட்டுரையாளர் வைத்தது. கோட்டுக்குப் பின்னால் இருப்பது நான் சேர்த்தது. எது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

வயர்ப்பெட்டி சொன்னதை இன்றிரவு செய்துவிட்டு எழுதுகிறேன். இரவுப்பறவை தம்பிக்கு: அக்கறைக்கு நன்றி, ஆனால் 'முயற்சி'யில் ச் மிகாது. இந்த வாரம் எனக்கு அது பன்னிரண்டாவது.


நூல்கட்டு:

நினைத்தது சரிதான் ஐயா. கோப்பில் கோளாறு ஒன்றும் இல்லை. பெயர்தான் டேப்லெட்டுக்குக் கொள்ளவில்லை.

விண்டோஸிலும் சரி, பென்டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளிலும் சரி, ஒரு கோப்பின் பெயர் 255 குறிகள் வரை போகலாம். டேப்லெட்டின் உள்சேமிப்பகம் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். அங்கே பெரும்பாலும் எக்ஸ்ட்4 அல்லது எஃப்2எஃப்எஸ் என்ற அமைப்பு இருக்கும். அதிலும் வரம்பு 255தான். ஆனால் அது 255 பைட், அதாவது சேமிப்பிடத்தை அளக்கும் சிறு அலகு. விண்டோஸ் குறிகளை எண்ணுகிறது, டேப்லெட் பைட்டை எண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை; அதை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது நம் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்.

எழுத்து என்று சொல்லாமல் குறி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஐந்து மூன்று பதினைந்து பைட். புள்ளிக்கும் மூன்று பைட், கொம்புக்கும் மூன்று பைட். ஆகத் தமிழில் மட்டும் பெயர் வைத்தால் டேப்லெட்டில் 85 குறிக்கு மேல் போக முடியாது.

உங்கள் பெயரை உட்கார்ந்து எண்ணினேன். தமிழ்க் குறிகள் 89. அதற்கு 267 பைட். இடைவெளிகளும் நடுவில் உள்ள கோடும் சேர்ந்து 11. பின்னொட்டு 5. மொத்தம் 283. விண்டோஸின் கணக்கில் இதே பெயர் வெறும் 105. கணினியிலும் பென்டிரைவிலும் தாராளமாக உட்கார்ந்துவிட்டு டேப்லெட் வாசலில் மட்டும் தடுக்கி விழுவது இதனால்தான். மற்ற ஆறும் இப்படி நீளத் தலைப்பாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

ஜிப் செய்து, அதாவது ஒரே மூட்டையாகக் கட்டி, அனுப்பலாமே என்று தோன்றும். பயனில்லை, டேப்லெட்டில் பிரிக்கும்போது அதே பெயர் அதே வாசலில் வந்து நிற்கும். கேபிளில் அனுப்பினாலும் இதே கதிதான். பெயரைச் சுருக்குங்கள். எங்கள் வேலையில் கோப்புக்கு எண் மட்டும்தான். 07, 08 என்று. தலைப்புதான் உள்ளே முதல் வரியில் இருக்கிறதே.

பின்னாளில் உதவும் என்பதால் இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். விண்டோஸிலும் ஒரு பழைய வரம்பு இருக்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போகும்போது எல்லாப் பெயர்களையும் சேர்த்த மொத்தப் பாதை 260 குறிக்குள் இருக்க வேண்டும் என்று பல மென்பொருள்கள் இன்னும் எதிர்பார்க்கின்றன. டேப்லெட்டிலிருந்து வந்த கோப்பைக் கணினியில் ஏழாவது ஃபோல்டருக்குள் கொண்டுபோய் ஒட்டினால் அங்கே இடிக்கலாம்.


வயர்ப்பெட்டி:

அடேயப்பா. பதினைந்து வருடமாகப் பென்டிரைவோடு கிடக்கிறேன், இது தெரியாது. என் ஃபைல்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் பெயர் வைக்கிற சோம்பேறித்தனம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

ஐயா, இரண்டு பிரச்சினையும் ஒன்றுதான் என்று புரிகிறதா? பெயர் நீளம், அதனால் நகல் வரவில்லை. நகல் வரவில்லை, அதனால் பென்டிரைவில் வைத்தே திறந்தீர்கள். அங்கேயே திறந்ததால் செயலி தன் அறைக்குள் நகல் எடுத்துக்கொண்டது. ஒழுங்காக வந்த 34இல் உங்கள் திருத்தம் ஒன்றுகூடத் தொலையவில்லை, கவனித்தீர்களா?


மெய்ப்புக்காரர்:

கிடைத்துவிட்டது! ஆறு கிடைத்துவிட்டன.

சமீபத்தியவை பட்டியலில் ஏழு பெயர்களும் வரிசையாக இருந்தன, பென்டிரைவ் இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே. ஒவ்வொன்றாகத் திறந்து 03, 09, 12 என்று எண் வைத்து ஆவணங்கள் ஃபோல்டரில் சேமித்தேன். உடனே சேமித்துக்கொண்டது. பென்டிரைவுக்கு மாற்றி, வெளியேற்று என்பதை அழுத்தி, அறிவிப்பு மறையும் வரை காத்திருந்து, கணினியில் திறந்தேன். 'ச்' ஒன்றுகூட இல்லை.

ஏழாவது திறக்கவில்லை. அன்று அந்தக் கோப்பின்போது செயலி உறைந்துவிட்டதால் டேப்லெட்டில் இருந்த இன்னொரு செயலியில் திறந்து திருத்தினேன், இப்போதுதான் நினைவு வருகிறது. அந்த இரண்டாவது செயலியை இடம் அடைக்கிறது என்று போன வாரம் நானே நீக்கிவிட்டேன். வயர்ப்பெட்டி செய்யக் கூடாது என்று சொன்னதை அவர் சொல்வதற்கு முன்பே செய்து முடித்திருக்கிறேன். ஒரு கட்டுரைதானே, திரும்பப் பார்த்துக்கொள்கிறேன்.

நூல்கட்டு அம்மா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஏழும் நீளத் தலைப்புகள். அதில் ஐந்தில் தலைப்பு மட்டுமே இருந்தால் தப்பித்திருக்கும். "இரண்டாம் மெய்ப்பு திருத்தியது" என்று நான் ஒட்டிய வால்தான் வரம்பைத் தாண்ட வைத்திருக்கிறது. இனி 41க்கும் எண்தான். எண்ணுக்கும் தலைப்புக்கும் பட்டியல் ஒரு காகிதத்தில் இருக்கிறது, பழக்கம் விடவில்லை.

இரண்டு துணைக் கேள்விகள். பழைய பிரதிகளெல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அதை டேப்லெட்டில் செருகினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, சில நேரம் "டிரைவில் சிக்கல், சரிசெய்யத் தட்டவும்" என்று வருகிறது. தட்டலாமா?

இரண்டாவது சிரிப்பான கேள்வி. மீட்ட கோப்பு ஒன்றை என் மகளின் மடிக்கணினியில் லிப்ரெஆபீஸ் என்ற ஆவண மென்பொருளில் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். அவள் அவசரத்தில் பென்டிரைவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். இப்போது என் கணினியில் அதே மென்பொருளில் திறந்தால், அறியப்படாத பயனர் ஒருவர் இதைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்கிறது. வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன்.


வயர்ப்பெட்டி:

தட்டாதீர்கள். தட்டவே தட்டாதீர்கள். "சரிசெய்" என்று நல்ல பிள்ளை மாதிரி எழுதியிருக்கும். உள்ளே போனால் அது செய்யப்போவது ஃபார்மட். டிஸ்க்கில் ஒன்றும் மிஞ்சாது. டேப்லெட்டுக்கு அந்த டிஸ்க்கின் மொழி தெரியவில்லை என்பதைத்தான் அது "சிக்கல்" என்கிறது. கணினியும் இதே வேலையைச் செய்யும்: டேப்லெட்டில் உள்சேமிப்பகமாகச் சேர்த்துக்கொண்ட மெமரி கார்டை எடுத்து விண்டோஸில் போட்டால் "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். அந்தக் கார்டு அந்த டேப்லெட்டுக்கென்றே குறியாக்கம் செய்யப்பட்டது, வேறு எங்கும் திறக்காது. அக்கா வீட்டு விசேஷப் படங்கள் இருந்த கார்டில் நான் ஒருமுறை சரி என்று அழுத்தினேன். அக்கா இன்றைக்கும் படம் எடுக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள்.

உங்கள் டிஸ்க் அநேகமாக என்டிஎஃப்எஸ் அமைப்பில் இருக்கும். கணினிக்கு அது தாய்மொழி, பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளுக்குப் புரியாது. இரண்டுக்கும் பொதுவான பாஷை ஃபேட்32, எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. கட்டுரைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது. அதன் விவரக்குறிப்பை 2019இல்தான் பொதுவில் வெளியிட்டார்கள், அதற்குப் பிறகுதான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் முறையாக வந்தது. அதனால் பழைய டேப்லெட்டாக இருந்தால் ஃபேட்32, புதிதென்றால் எக்ஸ்ஃபேட். உங்கள் பென்டிரைவ் ஏற்கனவே இரண்டு பக்கமும் தெரிகிறது, அதை மாற்றாதீர்கள்.

டிக் டிக் சத்தம் வேறு. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் நிறைய மின்சாரம் கேட்கும். யூஎஸ்பி 2.0 கணக்கில் ஒரு கருவிக்கு 500 மில்லி ஆம்பியர்தான். டேப்லெட் அதையும் மனசில்லாமல்தான் கொடுக்கும். தட்டு சுழல முயன்று, முடியாமல் நின்று, மறுபடி முயல்கிறது. அந்தச் சத்தத்தோடு அதை விட்டுவைக்காதீர்கள், டிஸ்க்குக்கு நல்லதல்ல. டேப்லெட்டில் செருகவே வேண்டாம். கணினியில் செருகி, தேவையான பிரதியை மட்டும் பென்டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறியப்படாத பயனர் யாருமில்லை, ஒரு குட்டி ஃபைல்தான். லிப்ரெஆபீஸ் ஓர் ஆவணத்தைத் திறந்ததும் பக்கத்திலேயே மறைவாக ஒரு பூட்டு ஃபைலை வைக்கும். பெயரில் 'லாக்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். மூடும்போது அதுவே அழித்துவிடும். மகள் மூடும் முன் பிடுங்கியதால் பூட்டு பென்டிரைவிலேயே தங்கிவிட்டது. மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று வைத்துப் பார்த்து அந்தப் பூட்டை மட்டும் அழியுங்கள். ஆவணம் எங்கும் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு செய்யுங்கள்.

பூட்டோடு போனது உங்கள் அதிர்ஷ்டம். சேமித்துக்கொண்டிருந்த நேரத்தில் பிடுங்கியிருந்தால் நிலைமை வேறு. வேர்டின் டாக்எக்ஸ் ஃபைல் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டை. மூட்டையில் என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணை அதன் கடைசியில் இருக்கும். கடைசித் துண்டு எழுதப்படாமல் போனால் அட்டவணை போச்சு, முன்னால் 39 கேபி நன்றாக இருந்தும் ஃபைல் கெட்டுவிட்டது என்று திறக்க மறுக்கும். திரையில் ஓடும் பச்சைக் கோடு முடிந்துவிட்டது என்பதற்காக எல்லாம் பென்டிரைவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் நினைவகத்தில் காத்திருக்கும். வெளியேற்று என்று சொல்வது அந்த மிச்சத்தை எழுதி முடி என்று சொல்வதற்குத்தான். எழுத்து பாதியில் அறுந்தாலும் டிஸ்க்கின் அடுக்கு குலையாமல் காக்கும் குறிப்பேடும் ஃபேட் குடும்பத்தில் கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸில் அது உண்டு.


நூல்கட்டு:

ஒரு சின்ன விஷயம் ஐயா. இரண்டு பக்கமும் பிரதி இருக்கும்போது எது புதிது என்று தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல டேப்லெட்டுகளில் நகலெடுத்தால், திருத்திய நேரம் போய் நகலெடுத்த நேரம் வந்து உட்கார்ந்துவிடும். ஒன்றும் திருத்தாத பழைய பிரதி இன்றைய தேதியோடு நிற்கும். ஃபேட்32 வேறு நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் குறித்துக்கொள்ளும். ஒத்திசைக்கும் மென்பொருள் வைத்தால் அது எல்லாக் கோப்பும் மாறிவிட்டது என்று குதிக்கலாம். எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து போடுங்கள், 07அ, 07ஆ என்று. திருத்தம் நடந்தால் மட்டும் எழுத்து மாறட்டும்.

பழைய டிஸ்க்கில் இருப்பவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையாக இருக்குமோ? இருந்தால் டேப்லெட்டில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். மாற்றத்தில் கெட்டுப்போனது என்று பதறாதீர்கள். அந்த எழுத்துரு டேப்லெட்டில் இல்லை, அவ்வளவுதான். படிக்க மட்டும் என்றால் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோகலாம், எழுத்துரு உள்ளேயே பதிந்து வரும். திருத்த வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான்.


மெய்ப்புக்காரர்:

பாமினியேதான் அம்மா. போன மாதம் ஒன்றைத் திறந்துவிட்டு வைரஸ் என்று நினைத்து மூடிவிட்டேன்.

பூட்டை அழித்தேன், திறந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை டேப்லெட்டிலிருந்து விலக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். 07அ என்பது பிடித்திருக்கிறது. காகிதக் காலத்தில் படிவ எண்களை இப்படித்தான் எழுதுவோம்.

தொலைந்த ஏழாவது, தூக்கம் வராத இரவுகள் கட்டுரைதான். நேற்று ராத்திரி டேப்லெட்டுக்கு 31அ என்று நகலெடுத்து முதலிலிருந்து பார்த்தேன். முன்பு பார்த்தபோது மூன்றாம் பக்கத்தில் ஒரு 'அருகாமை'யைத் திருத்தாமல் விட்டிருந்தேன் போலிருக்கிறது. மூலப் பிரதியில் அது இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். 31ஆ பென்டிரைவில் ஏறிவிட்டது, கணினியிலும் திறந்து பார்த்துவிட்டேன்.


இரவுப்பறவை:

முயற்சி. சரியா சார்?


மெய்ப்புக்காரர்:

சரி.